ரீடிங் எடுக்காத இரண்டு நாள்

வாரத்தில் ஐந்து நாள்
நான் வாசலோடு திரும்புகிறவள்.
பாளையங்கோட்டைத் தெருக்களில்
மீட்டர் பெட்டிக்குக் கழுத்தை நீட்டி
எண்ணைப் படித்து, அட்டையில் எழுதி,
அடுத்த வீடு.
ஆனால் மூக்குக்கு யார் வேலி போட?
எட்டாம் நம்பரில் கருவாடு.
பத்தாம் நம்பரில் பால் பொங்கி அடுப்பில் வழிந்துவிட்டது.
மாடி வீட்டில் இரண்டு நாளாய் எதுவும் தாளிக்கவில்லை.
யூனிட்டைவிட இதெல்லாம் துல்லியமாய்த் தெரியும்,
எதற்கும் பில் போட முடியாது.

சனிக்கிழமை அலாரம் வைக்கவில்லை.
ஐந்தரைக்கே விழித்துக்கொண்டு
வேண்டுமென்றே கிடந்தேன்.
பிறகு ஜெபக்கனியின் ஸ்கூட்டியில்
உழவர் சந்தை.
அவள் பேரம் பேசுவாள், நான் பை பிடிப்பேன்;
பத்து வருஷ சிநேகத்தின் வேலைப் பங்கீடு.
"யக்கா, வெண்டைக்காய ஒடிச்சிப் பாக்காதீய,
ஒடிச்சதெல்லாம் ஒங்க கணக்கு."
அவள் ஏழு ஒடித்து, கால் கிலோ வாங்கினாள்.

சொதிக்குத்தான் வந்தோம்.
பீன்ஸ், சுருக்கம் விழாத உருளை,
காதோரம் குலுக்கித் தண்ணீர் கேட்டு மூன்று தேங்காய்,
இஞ்சி கொஞ்சம் கூடவே:
இஞ்சித் துவையல் இல்லாத சொதி
ராத்திரி வயிற்றோடு வழக்காடும்.

முருங்கைக்காய்க் குவியலுக்குப் பின்னால்
அந்த முகம்.
தகரக் கதவு வீடு. மாசி மாதம்.
பாக்கி நானூற்றுப் பன்னிரண்டு.
நான் எழுதிக் கொடுத்தேன்,
வயர்மேன் ப்யூஸைப் பிடுங்கினார்.
மூன்று நாள் இருட்டு என்று பிறகு கேள்விப்பட்டேன்.
"பேச்சித்தாய்..."
அட்டையில் இருந்த பெயர் வாயில் வந்துவிட்டது.

அவள் ஒன்றும் சொல்லவில்லை.
காயைத் தராசில் வைத்தாள்.
முள் நடுங்கி, நடுங்கி, நின்றது.
"நல்லாப் பாத்துக்கிடுங்க,
ரீடிங் நீங்களே எடுங்க" என்றாள்.
சரியாக அரைக் கிலோ.
கொசுறுக் கறிவேப்பிலையை
ஜெபக்கனி கையில் கொடுத்தாள்,
என் கையில் இல்லை.

மூன்றாம் பாலில் காய் வெந்தது.
இரண்டாம் பாலில் பாசிப்பருப்பு கரைந்தது.
முதல் பால் கடைசியில், அடுப்பை அணைத்த பிறகு;
கொதித்தால் திரிந்துபோகும்.
ஜெபக்கனி அவசரக்காரி,
கரண்டியைப் பிடுங்கி ஒளித்துவைத்தேன்.
எலுமிச்சை பிழிந்து, சோற்றில் குளமாய் ஊற்றி
உருளைச் சிப்ஸை நொறுக்கித் தின்றோம்.
முருங்கை நல்ல சதைப்பற்று,
சப்பினால் நார்கூட இனித்தது.
ஒரு குற்றம் சொல்ல முடிந்திருந்தால்
நிம்மதியாய் இருந்திருக்கும்.
நாலு மணிவரை தூங்கினேன், அது வேறு.

ஞாயிறு ஆராதனை முடிந்து
பட்டுச்சேலையோடே வந்தாள் ஜெபக்கனி.
புறவழிச்சாலை ஓரம், வேப்பமர நிழலில் பதனீர்.
பனையோலைப் பட்டையை
இரண்டு கையாலும் ஏந்த வேண்டும்,
மாங்காய்த் துண்டு மூக்கில் இடிக்கும்,
போன் அடித்தால் அடித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.
"ஆபீஸா இருக்கும்" என்றாள்.
"இருக்கும்" என்றேன்.
இன்னொரு பட்டை.

சாயங்காலம் டவுனுக்குப் போனோம்.
ரதவீதியில் வளையல், பிளாஸ்டிக் குடம், மல்லிகை,
எதையும் வாங்காமல் எல்லாவற்றையும் விலை கேட்டு
அல்வாக் கடை வரிசையில் போய் நின்றோம்.
இலைத்துண்டில் சூடாய் நூறு கிராம்
விரலில் நெய் வழிய வாங்கிய நொடியில்
கரண்ட் போனது.

"நாசமாப் போற ஈபிக்காரனுவ!"
வரிசை முழுக்க ஒரே குரல்.
ஜெபக்கனி என் விலாவில் இடித்தாள்.
நான் வாயைத் திறக்கவில்லை,
வாய் நிறைய அல்வா.
இருட்டில் அதற்கு நிறமில்லை,
சூடு மட்டும் தொண்டைவரை இறங்குகிறது.
இது நாலு நிமிஷ இருட்டு.
மூன்று நாளை எப்படி விழுங்கினாளோ.

வெளிச்சம் வந்ததும் தெருவே 'ஓ' என்றது.
கடைக்காரர் இனிப்புக்கு மாற்றாய்
ஒரு சிட்டிகை மிக்சர் உள்ளங்கையில் வைத்தார்.
நக்கிக்கொண்டே நடந்தோம்.

நாளைக்குத் தகரக் கதவு வீட்டுத் தெரு.
எண்ணை எழுதிவிட்டுத் திரும்பும்போது
என்ன குழம்பு என்று மூக்கு கேட்கும்.
கேட்கட்டும்.